இருபது பேர் இருந்தால்

நாற்பத்திரண்டு பிள்ளைகளில் முப்பத்தெட்டு பேர் ஃபெயில். எங்கள் மேலதிகாரி சாஹேப் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். எண் மாறவில்லை. அதற்குப் பிறகு என்னைப் பார்த்தார்.

அரசாங்கத்தின் நிதிப் பிரிவில் கூட்டிக் கழித்தே தலை நரைத்தவள் நான். பெயர் விசாலாக்ஷி, வீடு மாட்டுங்காவில். பள்ளிக்கூடச் செலவுகள் என் மேஜைக்கு வரும். அந்த முப்பத்தெட்டு பேரும் தாராவியில் இருக்கும் ஒரு முனிசிபல் தமிழ்ப் பள்ளியின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். எங்கள் மாடி முழுவதும் தேடினாலும் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே நேரில் போய்ப் பார்த்து வரவேண்டியவள் யார் என்பதில் விவாதமே எழவில்லை.

விஷயம் இதுதான். பள்ளித் தேர்வை மாற்றியிருந்தார்கள். பேப்பரில் டிக் போடுவதெல்லாம் போய், ஒவ்வொரு பிள்ளையும் வாய்விட்டு வாசிக்க வேண்டும். வாசிக்காதவர்களுக்கு ஒரு மாதம் கழித்து மறுதேர்வு. அதிலும் வாசிக்காவிட்டால் ஐந்தாம் வகுப்பிலேயே இன்னொரு வருடம். அந்த ஒரு வருடமும் அவர்களுக்குத் தனியாக மாலை வகுப்பு உண்டு. தனி டீச்சர், தனிச் சம்பளம். ஆனால் மறுதேர்வில் தவறியவர்கள் ஒரு பள்ளியில் இருபது பேராவது இருந்தால்தான் அங்கே வகுப்பு நடக்கும். குறைந்தால் வேறு பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். இந்த இருபது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் யாரிடமும் பதில் கிடையாது. ஏதோ ஒரு கூட்டத்தில், டீ ஆறுவதற்குள், யாரோ சொல்லியிருப்பார்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு ஆகும் செலவு பட்ஜெட்டில் ஒரு வரிதான். அந்த ஒரு வரிக்கு எத்தனை பேர் கண் வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். போன வருடம் இதே பிள்ளைகள் நான்காம் வகுப்பில் இருந்தபோது அவர்களையும் மாலை வகுப்பில் உட்கார வைத்தோம். இந்த வருடம் நான்காம் வகுப்புக்கு அதை வெட்டிவிட்டோம். "ஒரு வருஷம் பணம் கொட்டியாயிற்று, ஃபெயில் ஆகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். இது என்ன கணக்கு?" என்று சாஹேப் மராத்தியில் கேட்டார். எனக்கு விடை தயாராக இருந்தது. மாலை வகுப்பு எடுக்கிற டீச்சர் கான்ட்ராக்டில் இருப்பவர். வகுப்பு இருந்தால் சம்பளம், இல்லையென்றால் வீடு. பிள்ளைகளை வாசிக்கக் கேட்டு மார்க் போட்டதும் அவரே. வேண்டுமென்றே தவற வைத்திருக்கிறார். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டு சயான் ஸ்டேஷனில் இறங்கினேன்.

அந்த டீச்சர் கோகிலவாணிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். என்னை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், பயந்த மாதிரியே தெரியவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. அத்தனை பிள்ளைகளையும் ஒவ்வொருவராக என் முன்னால் வாசிக்க வைக்கச் சொன்னேன்.

குளத்து ஆமையைப் பற்றி ஐந்தாறு வரிகள். முதலில் வந்தவன் பேச்சிராஜா. ஒல்லியான பையன், சட்டையின் மேல் பட்டன் இல்லை. அவன் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டுப் போனான். 'கு' சொன்னான், 'ள' சொன்னான், இரண்டையும் சேர்க்கும்போது வேர்த்துவிட்டது. முதல் வரியைத் தாண்டவில்லை. அவன் நடிக்கவில்லை. அதைப் பார்த்த யாருக்கும் அது தெரியும்.

அவனுக்குப் பின்னால் வந்தவள் சஃப்ரீன். இரட்டைப் பின்னல், குறுகுறுவென்ற கண். இரண்டு வரி தடுமாறித் தடுமாறி வாசித்தாள், நின்றாள், "வரல மேடம்" என்றாள். அடுத்தவன் தௌஃபீக். அவனும் இரண்டாம் வரியின் முடிவில் நின்றான். அதற்கடுத்தவளும் அங்கேயே. வாசிக்கத் தெரியாதவன் எங்கே விழுவான் என்று அவனுக்கே தெரியாது. ஒருத்தன் முதல் வார்த்தையில் விழுவான், ஒருத்தி நடுவில் விழுவாள். இங்கே பாதிக்கு மேல் ஒரே இடத்தில், கோடு போட்டு வைத்த மாதிரி நின்றார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும் என்று என் வீட்டில் கேலி செய்வார்கள். பியூனிடம் பணம் கொடுத்து, எல்லோருக்கும் குல்பி வாங்கி வந்து கீழ்த்தளத்தில் வைக்கச் சொன்னேன். மார்ச் மாத மத்தியானம், தகரக் கூரைகளிலிருந்து அனல் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. பிள்ளைகளை மொத்தமாக உட்கார வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், கரும்பலகையில் எழுதினேன்: 'கீழே குல்பி இருக்கிறது. இதைப் படித்தவர்கள் உடனே போய் எடுத்துக்கொள்ளலாம்.'

யாரும் எழுந்திருக்கவில்லை.

பேச்சிராஜாவும் அவனைப் போன்ற சிலரும் சுவரைப் பார்ப்பது போலப் பலகையைப் பார்த்தார்கள். மற்றவர்கள் படித்துவிட்டார்கள். கண்கள் இடமிருந்து வலமாக ஓடியதை நான் பார்த்தேன். ஒருத்தி எச்சில் விழுங்கினாள். தௌஃபீக் பாதி எழுந்துவிட்டான். பக்கத்தில் இருந்த சஃப்ரீன் முகத்தைத் திருப்பாமலேயே அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். பத்துப் பதினோரு வயதுப் பிள்ளைகள், அந்த வெயிலில், கீழே குல்பி இருக்கிறது என்று தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கட்டளை போட்டு இதைச் செய்ய முடியாது. எந்த டீச்சராலும் முடியாது. நான் துரத்தி வந்த திருட்டு இது இல்லை, வேறு ஏதோ ஒன்று, நான் பார்த்தே இராத ஒன்று என்று தோன்றியது.

எல்லோருக்கும் குல்பியைக் கொடுக்கச் சொல்லிவிட்டுக் கோகிலவாணியைத் தனியாகக் கூப்பிட்டேன். இவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே வாசிக்க வராது என்று கேட்டேன். பதினொரு பேர் என்றார் உடனே.

"நான் ஒரு பொய்யும் எழுதல மேடம். அவங்க என் முன்னால வாசிக்கல. வாசிக்கலன்னு எழுதினேன். ஏன்னு என்கிட்ட சொல்லவும் இல்ல. சபுராக்கா கிட்ட கேளுங்க."

சபுரா சஃப்ரீனின் அம்மா. லேபர் கேம்ப் பக்கம் ஒரு கல்லியில் சட்டை தைக்கிற கார்கானாவில் வேலை. ஒருவர் பின் ஒருவராகத்தான் அந்தச் சந்தில் போக முடியும். உள்ளே பத்துப் பன்னிரண்டு மெஷின்கள் ஓடின. மூலையில் தரையில் உட்கார்ந்து, தைத்து வந்த சட்டைகளின் நூலை வெட்டி, நல்லது ஒரு பக்கம், பழுது ஒரு பக்கம் என்று சபுரா பிரித்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் கத்தரியை வைத்துவிட்டு, எனக்கு உட்கார ஒரு துணிக்கட்டை நகர்த்திப் போட்டார். மறைக்கும் எண்ணமே அவருக்கு இல்லை.

"இருவது பீஸ் சேந்தாத்தான் பழுது தைக்கிற ஆல்டர் மாஸ்டர் வந்து உக்காருவாரு மேடம். பழுது பதினொண்ணுதான் இருக்குன்னு வைங்க, அவரு வரமாட்டாரு, அந்தப் பதினொண்ணும் வீணாப் போவும். அதனால நல்ல பீஸ் ஒம்பத உள்ள வச்சு லாட்ட நெரப்பிருவோம். மாஸ்டர் வந்து நல்லத ஒதுக்கிட்டு பழுத தச்சிக் குடுத்துருவாரு. சர்க்காரும் இருவது கேட்டுது. நெரப்பிட்டோம்."

இவ்வளவுதான் விஷயம் என்பது போல மறுபடி கத்தரியை எடுத்தார். வகுப்பை மூடினால் பிள்ளைகள் செம்பூர்ப் பள்ளிக்குப் போக வேண்டும், மாலையில் இரண்டு பஸ் மாறி எந்தப் பிள்ளை போகும், முதல் வாரத்தோடு நின்றுவிடும் என்றார். அது எனக்கும் தெரியும். எங்கள் காகிதத்தில் அதற்குப் பெயர் 'இணைப்பு'.

ஒன்பது பேர்தானே தேவை, இருபத்தேழு பேர் எப்படி வந்தார்கள் என்று கேட்டேன். அப்போதுதான் சபுரா கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"அதுல கொஞ்சம் தப்பு நடந்துட்டு. யாரு அந்த ஒம்பதுன்னு அம்மாமாரெல்லாம் கூடிப் பேசினோம். யாரும் அடுத்தவ பிள்ளையச் சொல்லல. எம் பிள்ளை இருக்கட்டும், எம் பிள்ளை இருக்கட்டும்னு சொல்லிட்டுக் கலைஞ்சி போயிட்டோம். கடைசியில பாத்தா எல்லாரும் வீட்டுல சொல்லி அனுப்பியிருக்காவ."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினேன். இருபத்தேழு வீடுகள். ஒவ்வொன்றும் பத்துக்குப் பத்து அறை. ஒவ்வொன்றிலும் ஒரு தாய் தன் பிள்ளையை முன்னால் தள்ளியிருக்கிறாள், அடுத்த வீட்டுப் பிள்ளைக்காக. நான் இத்தனை வருடம் கோடிகளை இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்புக்கு மாற்றியிருக்கிறேன். இந்த மாதிரி ஒரு மாற்றத்தைப் பார்த்ததில்லை.

ஆனால் சட்டை வேறு, பிள்ளை வேறு. நல்ல சட்டையை மாஸ்டர் திருப்பிக் கொடுத்துவிடுவார். மறுதேர்விலும் வாசிக்காத பிள்ளை ஒரு வருடம் உட்கார வேண்டும். தெரியாமல் செய்துவிட்டார்கள், எடுத்துச் சொன்னால் பதறிவிடுவார்கள் என்று நினைத்து, நிதானமாக விளக்கினேன். சபுரா பதறவில்லை.

"தெரியும் மேடம். எம் மவ ஒரு வருசம் பிந்தி ஆறாவது போவா, அவ்வளவுதான். பேச்சிராஜாவுக்கு இப்பதான் எழுத்து பிடிபடுது. இப்ப விட்டா அவன் எப்பவும் போவ மாட்டான்."

பேச்சிராஜா அவருக்கு உறவு இல்லை, மதம் வேறு. ஒரே சுவரின் அந்தப் பக்கம் அவன் வீடு. அவன் தாய் விடிவதற்கு முன் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவாள். அவ்வளவுதான் சம்பந்தம். அதிகாரி தோரணையில் ஏதாவது சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் எழுந்தேன். முப்பத்தெட்டு என்றால் டீச்சர் மேல் விசாரணை வந்துவிடும், அதை மட்டும் குறையுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஒரு அரசு அதிகாரி சொல்லக்கூடிய பேச்சா அது? சொல்லிவிட்டேன்.

மறுநாள் சாஹேப் முன்னால் உட்கார்ந்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். முதலில் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கார்கானா புத்தி" என்றார். பிறகு, அந்தத் தாய்மார்களுக்குப் பிள்ளைகளின் ஒரு வருடம் போகும் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

அவர் மனம் இளகியதை மட்டும் நம்பி நான் போகவில்லை. மனம் இளகினால் ஃபைல் நகராது. ஆகவே கணக்கைப் போட்டுக் கொண்டு போயிருந்தேன். ஒரு பிள்ளையை ஒரு வருடம் அதே வகுப்பில் நிறுத்தி வைத்தால் அந்த வருடச் செலவு முழுவதும் மறுபடி அரசாங்கத்துக்கு: டீச்சர் சம்பளத்தில் பங்கு, மத்தியானச் சாப்பாடு, புத்தகம், யூனிஃபார்ம். வாசிக்கத் தெரிந்த ஒன்பது பேரைச் சும்மா நிறுத்தி வைக்கும் செலவில், வாசிக்கத் தெரியாத பதினொரு பேருக்கு வருடம் முழுக்க மாலை வகுப்பு நடத்தலாம். நடத்திவிட்டு மிச்சமும் பிடிக்கலாம். இருபது என்ற அந்த எண் அரசாங்கத்துக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்கவில்லை, செலவை இழுத்து வைத்திருந்தது. தேர்வை மாற்றிய நாளிலிருந்து இந்தக் கணக்கை யாரும் போட்டிருக்கவில்லை. எனக்கும் அந்தக் கார்கானாவில் உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது.

சாஹேப் இரண்டு முறை சரிபார்த்தார். மேலே அனுப்பினார், திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினார். எல்லாப் பள்ளிகளுக்கும் விதியை மாற்ற வேண்டுமென்றால் அடுத்த பட்ஜெட் வரை காத்திருக்க வேண்டும் என்றார்கள். இந்த ஒரு பள்ளிக்கு மட்டும், பதினொரு பேருடன் வகுப்பு நடத்தலாம் என்று ஓர் உத்தரவு வந்தது. மறுதேர்வுக்கு முந்தின நாள் அது என் கைக்குக் கிடைத்தது. ராத்திரி தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன் என்றால் நம்பமாட்டீர்கள்.

மறுதேர்வுக்குப் பார்வையாளராக நானே போனேன். வாசலில் சபுராவும் மற்றத் தாய்மார்களும் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். வகுப்பில் நுழைந்ததும் உத்தரவு வந்த செய்தியைத் தமிழில் சொன்னேன். மாலை வகுப்பு நடக்கும், பதினொரு பேர் போதும், தெரிந்தவர்கள் எல்லோரும் தைரியமாக வாசிக்கலாம் என்றேன். கைதட்டுவார்கள் என்றுகூட எதிர்பார்த்தேன். யாரும் தட்டவில்லை.

தேர்வு தொடங்கியது. தௌஃபீக் கடகடவென்று வாசித்துவிட்டு ஓடினான். இன்னும் பலர் வாசித்தார்கள். மொத்தம் பதினெட்டு பேர். தாய்மார்கள் இந்தத் தடவை ஒழுங்காக உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள் என்று புரிந்தது. மிச்சம் இருந்தது வாசிக்க வராத பதினொரு பேரும், ஒதுக்கி வைக்கப்பட்ட ஒன்பது பேரும். அந்த ஒன்பதில் முதல் பெயர் சஃப்ரீன்.

அவள் வந்து நின்றாள். தாளைப் பார்த்தாள். இரண்டு வரி, அதே தடுமாற்றம், நிறுத்தினாள்.

உத்தரவு வந்துவிட்டது என்று சொன்னேனே என்றேன்.

"சொன்னீங்க" என்றாள். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

அவள் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? குல்பியைக் காட்டி ஏமாற்றப் பார்த்தவள் நான். கோகிலவாணி எழுந்து வந்து, "உண்மைதான்டி, வாசி" என்று சொல்லிப் பார்த்தார். சஃப்ரீன் டீச்சரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். அவளுடைய ஒரு வருடம் என் கண் எதிரில் போய்க்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் இன்னும் எட்டுப் பேர் அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பேப்பரக் காட்டுங்க" என்றாள்.

கொடுத்தேன். அரசாங்க உத்தரவு, மராத்தியில், நெருக்கமான எழுத்து. மராத்தியும் அவர்களுக்கு ஒரு பாடம்தான். வாசிக்கத் தெரியாது என்று தேர்வில் தவறியவள் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். உதடு அசைய, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். எங்கள் இலாகாவில் புதிதாகச் சேருகிறவர்களே இரண்டு முறை படிக்கிற பாஷை அது. அவள் விரலை வைத்துக்கொண்டு வரி வரியாக இறங்கினாள். எங்காவது புரியவில்லையென்றால் ஒரு வரி மேலே போய் மறுபடி வந்தாள். அந்த எட்டுப் பேரும் மூச்சுவிடாமல் நின்றார்கள். வாசிக்க வராத பதினொரு பேரும் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடவுளே, வாசிப்பு என்றால் இதுதானா, இதற்காகவா நாங்கள் இத்தனை தேர்வும் தலைப்பும் வைத்துக்கொண்டு மாரடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிப் பாராவில் விரல் நின்றது.

"மேடம், இந்த வருசத்துக்கு மட்டும்னு போட்டிருக்கு. அடுத்த வருசம்?"

அந்த வரியை நான் வேண்டுமென்றேதான் சொல்லாமல் விட்டிருந்தேன். குழந்தைகளைப் பயமுறுத்துவானேன் என்று. இப்போது பொய் சொல்லலாம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது முடியவில்லை.

"தெரியாதும்மா. முயற்சி பண்றேன். உறுதியா சொல்ல முடியாது" என்றேன்.

அவள் தலையாட்டினாள். உத்தரவை மடிப்புக் கலையாமல் என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பேச்சிராஜா பக்கம் திரும்பினாள்.

"எலே, ஒரு வருசம் போதுமா ஒனக்கு?"

பேச்சிராஜா எழுந்து நின்றான். மேஜை மேல் இருந்த ஆமைப் பாடத்தைப் பார்த்தான், கோகிலவாணியைப் பார்த்தான். அந்த எட்டுப் பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தான். அவனை யாரும் அவசரப்படுத்தவில்லை.

"படிச்சிருவேன்" என்றான்.

சஃப்ரீன் தாளைக் கையில் எடுத்தாள். முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள், சத்தமாக, கீழே வாசலில் நின்ற அவள் அம்மாவுக்கும் கேட்கும்படி.